அத்தியாயம் 7: யாரோடு சாப்பிடுகிறீர்கள்?

திருச்சியிலிருந்து கரூர் போகிற சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது ஜீயபுரம். ஸ்ரீரங்கம் வட்டத்து ஊர். ரயில் நிலையம் உண்டு, காவல் நிலையம் உண்டு, தனியாக ஓர் அனைத்து மகளிர் காவல் நிலையமும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் புருஷன் பெண்டாட்டி தகராறு வீட்டுத் திண்ணையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கிற இடம் அது. அங்கே பேசித் தீராதது திருச்சி குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகும். வாய்தா மேல் வாய்தாவாக ஓடி ஒருநாள் தீர்ப்பு வரும். அல்லது யாரும் வழக்கே போடாமல் இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருந்துவிடுவார்கள். இந்தியாவில் இந்த இரண்டாவது ரகம்தான் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். விவாகரத்தாகாமல் பிரிந்து வாழ்கிறவர்கள் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டிலுமே பெண்களின் எண்ணிக்கை கூடுதல்.

அதனால் இந்த அத்தியாயத்தில் பிரிவு என்று வரும்போதெல்லாம் கோர்ட்டுக் காகிதம் கையில் இருக்கிறதா என்று நான் பார்க்கப்போவதில்லை. உடம்பும் அதைப் பார்ப்பதில்லை.

முந்தைய அத்தியாயங்களில் ஜீவனாம்சம், நகை, பிள்ளைகள் என்று பேசிவிட்டோம். பிரிந்து வந்தவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் அதைத்தான் பேசுவார்கள். “சீர் சாமானைத் திருப்பிக் கேட்டீங்களா?”, “பையன் யார்கிட்ட இருக்கான்?” என்று கேட்கிறவர்களில் ஒருவராவது “ராத்திரி தூங்குறியா, காலையில என்ன சாப்பிட்ட?” என்று கேட்டால் அதிசயம். ஆனால் பிரிவுக்குப் பிந்தைய ஓரிரண்டு வருடத்தில் அடி வாங்குவது உடம்புதான்.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவில் டேவிட் ஸ்பாரா என்கிற உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2011-ல் பதினொரு நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 65 லட்சம் பேர். ஆய்வு நடந்த காலத்தில் இறந்துபோகும் வாய்ப்பு, மணவாழ்க்கையில் இருந்தவர்களைவிட விவாகரத்தானவர்களுக்கு 23 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் மூட்டை கட்டிக்கொண்டு புகுந்த வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம். முதலாவது, இது சராசரி. பிரிந்தவர்களில் பெரும்பாலோர் காலப்போக்கில் நன்றாகவே தேறிவிடுகிறார்கள் என்று அதே ஸ்பாரா எழுதியிருக்கிறார். இரண்டாவது, மோசமான கல்யாணமும் உடம்பைக் கெடுக்கிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட் கிளேசர் குழு 1987-ல் பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, பிரிந்த பெண்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தது. கணவனோடு இருந்துகொண்டே நிம்மதியில்லாமல் வாழ்ந்த பெண்களுக்கும் குறைந்திருந்தது. பிரிந்தவர்களிலும், முன்னாள் கணவனையே இன்னும் நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம்.

ஏன் இப்படி ஆகிறது? தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, சாப்பாட்டு நேரம் தவறுகிறது, மாத்திரை மறந்துபோகிறது, வருமானம் குறைகிறது, ஆண்களுக்குக் குடி கூடுகிறது. இவற்றையெல்லாம் தனித்தனியாகச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் களைத்துப்போவார்கள். கூடவே ஒரு ஆள் இருந்தால் இவற்றில் பாதி தானாகவே சரியாகிவிடும். “சாப்பிடல?” என்று கேட்க ஆளிருக்கிற வீட்டில் யாரும் மூன்று வேளை தொடர்ந்து பட்டினி கிடப்பதில்லை.

சரி, ஆளுக்கு எங்கே போவது? இந்த இடத்தில்தான் வழக்கமான அறிவுரைகளோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. “மனசு விட்டுப் பேச ஒரு நல்ல தோழியைத் தேடுங்கள்” என்கிறார்கள். நல்ல தோழி கிடைத்தால் பாக்கியம்தான். ஆனால் உடம்பைக் காப்பாற்றுவது அந்த ஒரு ஆள் மட்டுமில்லை. ஷெல்டன் கோஹன் என்பவர் 1997-ல் ஒரு வினோதமான சோதனை செய்தார். ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டுமருந்துபோல விட்டு, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார். ஒவ்வொருவருக்கும் எத்தனை வகை உறவு இருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். பெற்றோர் ஒரு வகை, அக்கம்பக்கம் ஒரு வகை, வேலையிடம் ஒரு வகை, கோயில் குளம் ஒரு வகை, சங்கம் ஒரு வகை. ஆறு வகையோ அதற்கு மேலோ இருந்தவர்களோடு ஒப்பிட்டால் மூன்று வகைக்குள் இருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். ஆட்களின் எண்ணிக்கையைவிட வகைகளின் எண்ணிக்கைதான் அங்கே வேலை செய்தது.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். பிரிவு என்றால் ஒரு ஆள் போவதில்லை, பல வகை ஒரே நாளில் போகிறது. புருஷன், மாமியார் வீட்டுச் சனம், அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கும்போது பேசிய பெண்கள், அவருடைய சிநேகிதர்களின் மனைவிமார், பிள்ளையின் பழைய பள்ளிக்கூட வாசலில் காத்திருந்த தாய்மார் என்று எல்லாரும் ஒரே மூட்டையில் போகிறார்கள். அதற்குப் பதிலாகக் கிடைப்பது பிறந்த வீடு. ஜீயபுரம், அந்தநல்லூர், திருச்செந்துறை, பெருகமணி பக்கத்து ஊர்களில் பிறந்த வீடு என்பது ஊரே சொந்தம் என்கிற மாதிரிதான். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, மாமன் வீடு. ஆள் நிறைய இருப்பார்கள், ஆனால் அத்தனை பேரும் ஒரே வகை. அத்தனை பேருக்கும் உங்கள் கதை தெரியும், அதைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் உண்டு. அந்த வட்டத்துக்குள் மட்டுமே இருந்தால் மூச்சு முட்டும்.

ஒரு காகிதத்தை எடுங்கள். போன வாரம் நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசிய ஆட்களை எழுதுங்கள். போன், வாட்ஸப் கணக்கில் வராது. எழுதிய பிறகு வகை பிரியுங்கள். பிறந்த வீட்டுச் சொந்தம் என்கிற தலைப்பின் கீழேயே எல்லாப் பெயரும் வந்தால் இந்த அத்தியாயம் உங்களுக்காகத்தான் எழுதப்பட்டது. அடுத்த மூன்று மாதத்தில் அந்தக் காகிதத்தில் இன்னும் மூன்று தலைப்பு சேர வேண்டும். நெருக்கமான சிநேகிதம் வேண்டியதில்லை, முகப்பழக்கம் போதும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பார்க்கிற, இரண்டு நாள் வராவிட்டால் “எங்க காணோம்?” என்று கேட்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

முதலில் சாப்பாடு

ஜீயபுரத்துக்கு ஒரு கதை உண்டு, திருச்சிக்காரர்கள் கேட்டிருப்பார்கள். பேரனோடு வாழ்ந்த ஒரு பாட்டி. பேரன் பெயரும் ரங்கன்தான். சவரம் செய்துகொண்டு குளித்துவிட்டு வருகிறேன் என்று காவிரிக்குப் போனவனை வெள்ளம் இழுத்துக்கொண்டுபோகிறது. பாட்டி “ரங்கா, ரங்கா” என்று கதற, ஸ்ரீரங்கத்துப் பெருமாளே பேரன் வடிவில் வந்து நிற்கிறார். பாட்டி உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். பிறகு நிஜப் பேரனே கரையேறி வந்துவிட, பெருமாள் மறைந்துவிடுகிறார். இதை நினைத்துத்தான் பங்குனி ஆதி பிரம்மோற்சவத்தில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரம் எழுந்தருளுகிறார் என்பார்கள். சர்க்கரைப் பொங்கலும் அக்காரவடிசிலும் தளிகையாகிற பெருமாளுக்கு இங்கே பழைய சோறும் மாவடுவும்.

பழைய சோறும் மாவடுவும் தனியாகச் சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தனியாக இருக்கிறவர் அதைக்கூட எடுத்துவைத்துச் சாப்பிட மாட்டார் என்பதுதான் சிக்கல். ஒரு ஆளுக்காக என்ன உலை வைப்பது என்று டீயும் பிஸ்கட்டும். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு வேறு விதமான சிக்கல். அண்ணன், அண்ணி, பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவப் போகிற நேரத்தில் அடுப்படியிலேயே நின்றபடி சட்டியில் ஒட்டியதை வழித்துப் போட்டுக்கொள்வது. குழம்பில் காய் இருக்காது, ரசத்தில் தெளிவு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். யாரும் அவளைக் கடைசியில் சாப்பிடச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வீட்டில் இப்போது தான் யார் என்று தெரியாததால் அவளே அப்படிச் செய்துகொள்கிறாள். ஆறு மாதம் கழித்து மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும்.

நான் சொல்வது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது தட்டு வைத்து, உட்கார்ந்து, இன்னொருவரோடு சாப்பிடுங்கள். அண்ணியோடு உட்காருங்கள். அண்ணியோடு சரிவராது என்றால் அப்பாவுக்குப் பரிமாறும்போதே உங்கள் தட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டை மேசையில் தனியாகச் சாப்பிடாமல், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போங்கள். தனியாக வீடு எடுத்து இருக்கிறவர்கள் எதிர்வீட்டு வயசான அம்மாவோடு வாரத்தில் ஒருநாள் சமையலை மாற்றிக்கொள்ளலாம். ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-லிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. வரிசையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. பக்கத்து இலைக்காரர் எந்த ஊர் என்று கேட்பார், மோர் வந்ததும் பேச்சு முடிந்துவிடும். சில நாளைக்கு அந்த அளவு பேச்சே போதுமானதாக இருக்கும்.

பிறகு கால்

நடப்பது நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், சொந்த ஊரில் பிரிந்து வந்த பெண் தெருவில் இறங்கி நடப்பது லேசான காரியமில்லை. திண்ணைக்குத் திண்ணை ஒரு விசாரணை. “என்னம்மா, மாப்பிள்ளை வரலையா?” என்று தெரிந்துகொண்டே கேட்பார்கள். சந்தியில் நாலு ஆம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

இதற்கு ஊர் மாற்றி நடப்பது ஒரு வழி. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்தத் திட்டத்தால் மிச்சமாகும் காசைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, எங்கே போகிறாய் என்று காரணம் சொல்லிக் காசு கேட்க வேண்டியதில்லை என்பது. ஜீயபுரத்தில் ஏறி முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை வழியாகச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தால் உங்களை யாருக்கும் தெரியாத ஊர். உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ கோயிலைச் சுற்றி நடக்கிறவர்களை யாரும் ஏன் நடக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள், பிரதட்சிணம் என்று நினைத்துக்கொள்வார்கள். பக்தி இருக்கிறவர்களுக்கு அது பிரதட்சிணம், இல்லாதவர்களுக்கு நல்ல நடை. வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம் போங்கள். நான்காவது வாரம் பூக்காரம்மா உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். காகிதத்தில் ஒரு தலைப்பு சேர்ந்துவிட்டது.

தினசரி நடைக்கு இரண்டு பேராகச் சேருங்கள். தனியாக நடக்கிற பெண்ணைப் பார்க்கிற கண், இரண்டு பேராக நடந்தால் அவ்வளவு பார்ப்பதில்லை. இதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் ஊர் சிரித்திருக்கும், முதலில் சிரிக்கவும் செய்தது. ஊரே ஓட்டியபோது சிரிக்க ஆளில்லை. உங்கள் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இருந்தால் அதில் சேருங்கள். கடன் தேவையில்லாவிட்டாலும் சேருங்கள். கூட்டத்துக்கு நாள் குறித்து, வராதவர்களை ஏன் வரவில்லை என்று கேட்கிற அமைப்பு கிராமத்தில் வேறு எது இருக்கிறது? அந்தக் குழுவிலேயே காலை நடைக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு சீசன் டிக்கெட் எடுத்துப் பாசஞ்சர் ரயிலில் போகிற கூட்டம் இன்னொரு வகை. பூ கட்டிக்கொண்டே, கீரை ஆய்ந்துகொண்டே வருகிற பெண்கள் பெட்டியில் சேர்ந்துகொள்ளச் சந்தா எதுவும் கிடையாது.

கேள்விக்கு என்ன பதில்?

வெளியே போகாமல் முடங்கிக் கிடக்கப் பாதிக் காரணம் இந்தக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை சொல்லிக்கொண்டிருந்தால் வீடு திரும்பும்போது தலைவலிதான் மிஞ்சும். ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். “நாங்க பிரிஞ்சுட்டோம் அத்தை, இப்ப நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?” இதில் மூன்றாவது பகுதிதான் முக்கியம். வயசானவர்களிடம் முழங்காலைப் பற்றிக் கேட்டால் அதற்குப் பிறகு உங்கள் கதை அங்கே எடுபடாது. “அவர் வெளியூர்ல இருக்கார்” என்று பொய் சொன்னால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய சுமை உங்களுக்குத்தான்.

நெருங்கியவர்களிடம்கூட நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. சமீபத்தில் பிரிந்த 90 பேரைக் கொண்டு ஸ்பாரா செய்த இன்னொரு ஆய்வு 2013-ல் வெளிவந்தது. மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டி எழுதச் சொன்னபோது, ஏற்கெனவே ‘ஏன் இப்படி ஆச்சு’ என்று குடைந்துகொண்டே இருக்கிறவர்களுக்கு அது நன்மை செய்யவில்லை. அன்றைக்கு என்ன செய்தோம் என்று சாதாரணமாக எழுதியவர்கள் அவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆகவே கதை கேட்கிற தோழியைவிட, ரேஷன் கடைக்குக் கூட வருகிற தோழி சில மாதங்களுக்கு அதிகம் பயன்படுவாள். மனத்துயரம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் அதைத் தோழியின் தலையில் ஏற்றாதீர்கள், அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். டெலி மானஸ் என்கிற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்கிற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றே கூப்பிடுங்கள். மாநில அரசின் 104-ம் உண்டு. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு நேரே போகலாம்.

அடி, உதைக்குப் பயந்து வெளியே வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே நேரம், ஒரே இடம் என்று மேலே சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. அவர் வழிமறிக்கக்கூடும் என்கிற நிலைமை இருந்தால் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள், கூட ஆளில்லாமல் போகாதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ போனில் பதிந்து வையுங்கள். வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாப்புத் தரும் 2005-ம் வருடச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

வாய்தா நாள்

கோர்ட்டுக்குப் போகிற நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடம்பு அதிகம் கெடுவது அன்றைக்குத்தான். முதல் நாள் ராத்திரி தூக்கம் போகும். காலையில் சாப்பாடு இறங்காது. பத்தரை மணிக்கு வளாகத்தில் நின்றால் பெயர் கூப்பிடுவது பன்னிரண்டுக்கா மூன்றுக்கா தெரியாது. ஒன்றுக்குப் போக வேண்டிவரும் என்று தண்ணீர் குடிக்க மாட்டார்கள். எதிரே அவர், அவருடைய அக்கா, மாமா. கடைசியில் அடுத்த தேதி போட்டுவிட்டார்கள் என்று வக்கீல் சொல்லும்போது மணி நாலு, வயிற்றில் ஒன்றுமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் மயங்கி விழுவது இப்படித்தான்.

காலையில் இட்லி இறங்காவிட்டால் கஞ்சியாவது குடித்துவிட்டுக் கிளம்புங்கள். பையில் வழக்குக் கட்டோடு தண்ணீர் பாட்டில், இரண்டு வாழைப்பழம், தினசரி மாத்திரை. வாழைத்தோட்டத்து ஊர்க்காரர்களுக்குப் பழம் கிடைக்கவில்லை என்று சொல்ல வாயில்லை. கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள். வழக்கைப் பற்றி உங்களைவிட அதிகமாகக் கொதிக்கிற அண்ணன் வேண்டாம், அவர் அங்கே கைகலப்பில்தான் நிற்பார். சும்மா உட்கார்ந்து சினிமா பேசுகிற சித்தி மகள் போதும். முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். வீட்டில் ஆறு பேர் “என்ன ஆச்சு?” என்று வாசலிலேயே நிற்பார்கள். சித்தி மகளோடு ஹோட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் செய்து “அடுத்த தேதி போட்டிருக்காங்க, வந்து பேசிக்கலாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு பஸ் ஏறுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. உறையூர் நாச்சியாரைப் பார்க்கப் போய்வந்த நம்பெருமாளோடு ரங்கநாயகித் தாயார் ஊடல் கொண்டு கதவைச் சாத்துவதும், நம்மாழ்வார் நடுவில் நின்று சமாதானம் செய்வதும் ஸ்ரீரங்கத்தில் வருஷா வருஷம் நடக்கிறது. அதைக் காட்டியே “தெய்வத்துக்கே சண்டை வரலையா, சேர்ந்து போம்மா” என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். அது சேர்த்தி உற்சவம், உங்களுடையது வழக்கு. சமரசம் பேச வேண்டுமென்றால் குடும்பநல நீதிமன்றத்திலேயே அதற்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் யாராவது தொடங்கினால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

தூக்கம்

பிரிந்த புதிதில் தூக்கம் வராதது இயல்பு. எவ்வளவு நாள் வரை இயல்பு என்பதுதான் கேள்வி. ஸ்பாரா குழுவின் 2014-ம் வருட ஆய்வு ஒன்றில், பிரிந்து சுமார் பத்து வாரம் தாண்டியும் தூக்கம் சரியாகாதவர்களுக்குப் பிற்பாடு ரத்த அழுத்தம் ஏறியது தெரியவந்தது. இதை ஒரு கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். இரண்டரை மாதம் பொறுங்கள், அதற்கு மேலும் நடுராத்திரி விழிப்பு வந்தால் டாக்டரைப் பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற தூக்க மாத்திரை வேண்டாம். பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுக்கிற தாய்மார்கள் பிள்ளைக்குத் தூக்கம் கெடாதவரை அதைப் பற்றிக் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

ஆண்களுக்கு

இந்தப் பகுதியைப் பெண்களும் படிக்கலாம், அண்ணன் தம்பிக்கு உதவும். ஆண்களுடைய உறவுகளைப் பெரும்பாலும் மனைவிதான் பராமரிக்கிறார். யார் வீட்டுக் காதுகுத்துக்கு எப்போது போக வேண்டும், அக்காவுக்கு எப்போது போன் செய்ய வேண்டும், பிரஷர் மாத்திரை எப்போது தீர்கிறது என்பதெல்லாம் அவர் கணக்கில் ஓடியிருக்கும். அவர் போனதும் இந்தக் கணக்குப் புத்தகமும் போய்விடுகிறது. மிஞ்சுகிற ஒரே கூட்டம் சாயங்காலக் கூட்டம், அது எங்கே உட்காருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் ஆறுதலும் கிடைக்கும், ஆனால் கல்லீரலை விற்றுத்தான் அதை வாங்க வேண்டியிருக்கும். ராத்திரி புரோட்டா, காலையில் எதுவுமில்லை.

மூன்று காரியம் சொல்கிறேன். சோறு வடிக்கவும், ஒரு ரசம், ஒரு பொரியல் வைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அது வரைக்கும் ஒரே மெஸ்ஸில் மாதக் கணக்கு வையுங்கள், மெஸ்காரர் உங்களைத் தேடுவார். அக்கா தங்கையோடு ஞாயிற்றுக்கிழமை பேச ஒரு நேரம் ஒதுக்குங்கள். மூன்றாவது, சலூன். சிரிக்காதீர்கள். ஜீயபுரம் எழுந்தருளும் பெருமாளுக்கே முகம் திருத்தும் வைபவம் நடக்கிறது. பிரிந்த ஆணின் தாடியைப் பார்த்தே எத்தனை மாதமாகிறது என்று ஊர் கணக்கிட்டுவிடும். வாரம் ஒருமுறை ஒரே கடையில் உட்கார்ந்தால் முகமும் திருந்தும், நாட்டு நடப்புப் பேச ஒரு இடமும் கிடைக்கும்.

பிள்ளைகளைப் பார்க்கக் கோர்ட்டு நாள் கொடுத்திருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தையும் ஹோட்டலில் பரோட்டா வாங்கிக் கொடுத்தே கழிக்காதீர்கள். முக்கொம்புப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் ஓடி விளையாடுங்கள். உங்களுக்கும் மூச்சு வாங்கட்டும்.

பரிசோதனையும் காசும்

பிரிந்த முதல் வருடத்தில் இரண்டு முறையாவது ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், எடை பாருங்கள். எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் முடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பழைய முகவரியில் பெயர் இருந்தால் புது முகவரியைச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிரிந்தவர்கள் இதில்தான் விட்டுப்போகிறார்கள். வருமானமில்லாத பெண்களுக்குக் கணவனால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் உண்டு. 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இந்த ஐந்து வருட நிபந்தனை கொடுமை என்பது என் கருத்து, ஏனென்றால் காசும் சாப்பாடும் அதிகம் தேவைப்படுவது முதல் வருடத்தில்தான்.

பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு

கடைசியாக, பிரிந்து வந்தவரின் அண்ணி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்கிறவர் யாராவது இதைப் படித்தால்: “ஏதாவது வேணும்னா கேளு” என்று சொல்லாதீர்கள். கேட்க மாட்டார்கள். “சனிக்கிழமை ஒரு மணிக்கு நம்ம வீட்ல சாப்பாடு, வாழைப்பூ வடை போடுறேன், வந்து பூ ஆய்ஞ்சு குடு” என்று சொல்லுங்கள். நாளும் நேரமும் இருக்க வேண்டும், அவர் செய்ய ஒரு வேலையும் இருக்க வேண்டும், அப்போதுதான் விருந்தாளியாகவோ பரிதாபத்துக்குரியவராகவோ வராமல் வீட்டு ஆளாக வருவார். வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று ஊருக்கெல்லாம் பத்திரிகை வைக்கும்போது அவரை விட்டுவிடாதீர்கள். சங்கடப்படுவாளோ என்று நீங்களே முடிவுசெய்து ஒதுக்குவது, சகுனம் பார்த்து ஒதுக்குவதைவிட எந்த விதத்திலும் மேலானதில்லை. வருவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். வந்தால் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையைப் பிடித்து வைத்திருங்கள்.